அம்மான்ர குளிசையும் மஞ்சளின் துண்டுகளும்



இந்த வார எபிசோடில் மருந்து கண்டுபிடிக்க உதவும் மென்பொருட்களைப் பற்றிக் கதைத்தோம். அதில் ஒரு விசயத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மைக்குக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வாங்கோ.

அம்மாவுக்குப் பதினொரு வருசமாகச் சலரோகம். மெட்ஃபோர்மின் குளிசை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. போன மாரிக்குள் அம்மா இரவுக் குளிசையை நிப்பாட்டிப்போட்டா. அதற்குப் பதிலாக, மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் குளிசை ஒன்றை விழுங்கிக்கொண்டு இருந்தா. எனக்கு ரெண்டு மாசமாக இது தெரியாது. ஒஷாவாவில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மேலே அம்மா, கீழே பேஸ்மெண்டில் நான், ரெண்டு மொனிட்டர், ஒரு கொன்ட்ராக்ட் வேலை. இரத்தப் பரிசோதனையில் ஏ1சி 6.9இல் இருந்து 8.2க்கு ஏறி வந்த பிறகுதான் கேட்டேன்.

"உன்ர தம்பிதானே கொம்பியூட்டரில போட்டுப் பாத்தவன். மருந்துகளில இருக்கிற துண்டெல்லாம் மஞ்சளிலயும் இருக்காம். பிறகென்னத்துக்கு அந்தக் கெமிக்கலை விழுங்குவான்?"

தம்பி என்றது சித்தியின் மகனை. யூனிவர்சிட்டியில் ரெண்டாம் வருசம். கெட்டிக்காரன். பைதனில் மூலக்கூறுகளை உடைத்துப் பார்க்கும் ஒரு பயிற்சி செய்திருக்கிறான். மஞ்சளில் உள்ள குர்குமினை உடைத்து, வந்த துண்டுகளை மருந்துகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, வடிவான ஒரு படம் செய்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். கீழே ஒரு வரி: ஆகவே எங்கட மஞ்சள் மருந்துக்குச் சமம்.

எனக்குக் கோபம் வந்தது. அவனுடைய கோடை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. மென்பொருளும் பிழை விடவில்லை. துண்டுகள் சரி, ஒப்பீடும் சரி. பிழை முழுக்க அந்த "ஆகவே"யில் இருந்தது.

இன்றைக்கு நான் சொல்ல வருவது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். மூலக்கூறை உடைக்கிற மென்பொருள் இப்ப யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கட வீடுகளிலோ, ஸ்கிரீனில் இருந்து நாங்கள் வாசித்துச் சொல்வதைத்தான் அம்மா அப்பா நம்புகிறார்கள். இந்த ரெண்டும் சேரும்போது, நாங்கள் சொல்கிற "ஆகவே" ஒரு குளிசையை நிப்பாட்டிவிடும்.

எங்கே வெட்டுவது?

முதலில், உடைப்பது என்றால் என்ன?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவர்களுக்குப் பதம் பிரிப்பது ஞாபகம் இருக்கும். "தாமரை" என்ற சொல்லைப் பிரிக்காமல் விட்டால் பூ. "தா, மரை" என்று பிரித்தால் தாவுகிற மான். எழுத்து ஒன்றுதான், வெட்டின இடம்தான் பொருளை மாற்றுகிறது. மூலக்கூறும் அப்படித்தான். அணுக்களையும் பிணைப்புகளையும் ஒரு வரைபடமாக எடுத்துக்கொண்டு, சில பிணைப்புகளை அறுத்தால் துண்டுகள் வரும். எல்லாப் பிணைப்பையும் அறுத்தால் தனித்தனி அணுக்கள்தான் மிஞ்சும், அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தப் பிணைப்பை அறுக்கலாம் என்று சொல்ல ஒரு விதி வேண்டும்.

அந்த விதிகளை ஆட்கள்தான் எழுதினார்கள். 1998இல் கிளாக்ஸோ வெல்கம் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரீகேப் என்ற முறையை வெளியிட்டார்கள். பதினொரு வகைப் பிணைப்பு, அவற்றை மட்டும் அறு என்பது விதி. 2008இல் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இருந்து பிரிக்ஸ் வந்தது. அது அறுக்கக்கூடிய இடங்களைச் சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பைப் பார்த்து 16 வகையாகப் பிரிக்கிறது. கிரெக் லாண்ட்ரம் தொடங்கி, 2006இல் திறமூலமாக வெளிவந்த ஆர்டிகிட் என்ற நூலகத்தில் ரெண்டு முறையும் இருக்கின்றன. பைதன் தெரிந்த யாரும் நாலைந்து வரியில் ஓட்டலாம். தம்பி ஓட்டினது பிரிக்ஸ்.

இந்த ரெண்டு விதிக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஆய்வுகூடத்தில் ஒரு வேதியியலாளர் எந்த இடத்தில் ரெண்டு துண்டை ஒட்டியிருப்பார்? அந்த இடத்தில் வெட்டு. அப்படி வெட்டினால், வரும் துண்டுகளை வேறு மாதிரிச் சேர்த்துப் புது மூலக்கூறுகளைச் செய்து பார்க்கலாம். நோக்கம் அவ்வளவுதான். இந்தத் துண்டு உடம்பில் என்ன செய்யும் என்ற கேள்வியை அந்த விதிகள் கேட்கவே இல்லை.

மஞ்சளுக்கு மூன்று கத்தி

குர்குமின் பார்க்க வடிவான மூலக்கூறு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சீன் வளையம், நடுவில் ஏழு காபன் கொண்ட சங்கிலி. வலதும் இடதும் ஒரே மாதிரி. பிரிக்ஸ் இதை நாலு இடத்தில் வெட்டுகிறது. வளையங்களுக்குப் பக்கத்தில் உள்ள ரெண்டு இரட்டைப் பிணைப்புகள், வளையங்களில் தொங்கும் ரெண்டு மெத்தொக்சிக் குழுக்கள். வருவது ஐந்து துண்டு. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக எண்ணினால் மூன்று வகை. ஒவ்வொரு துண்டிலும் வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் எண் இருக்கும். எந்த எண்ணோடு எந்த எண் திரும்ப ஒட்டும் என்பதற்கான அடையாளம் அது.

அந்த இரட்டைப் பிணைப்பில் வெட்டினது சும்மா இல்லை. 1964இல் பபோன் வெளியிட்ட செயற்கைத் தயாரிப்பு முறையில், வனிலினையும் அசற்றைல்அசற்றோனையும் சேர்த்துத்தான் குர்குமின் செய்தார்கள். ரெண்டும் ஒட்டுகிற இடம் சரியாக அந்த இரட்டைப் பிணைப்புத்தான். மென்பொருள் வேதியியலாளரின் கையை அப்படியே பின்தொடர்ந்திருக்கிறது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

ஆனால் மஞ்சள் செடி அந்த இடத்தில் ஒட்டவில்லை. செடி ஃபெருலிக் அமிலத்தின் ரெண்டு அலகுகளை எடுக்கிறது. அந்த அலகுகளுக்குள் இரட்டைப் பிணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. இடையில் ஒரு காபனைப் போட்டு, நடுப்பகுதியில்தான் அவற்றை இணைக்கிறது. செடியின் கண்ணால் பார்த்து வெட்டினால் வேறு துண்டுகள் வரும்.

மூன்றாவது, எங்கட உடம்பு. அது பெரும்பாலும் இந்த ரெண்டு இடத்திலும் கை வைப்பதில்லை. இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனைச் சேர்க்கிறது. வளையத்தில் உள்ள ஐதரொக்சி இடத்தில் சர்க்கரையில் இருந்து வந்த ஓர் அமிலத்தை ஒட்டி வெளியே அனுப்பிவிடுகிறது. விழுங்கினதில் இரத்தத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

வேதியியலாளர், செடி, உடம்பு என்று மூன்று கத்தி. தம்பி முதலாவது கத்தியால் வெட்டிவிட்டு, மூன்றாவதைப் பற்றிச் செய்தி சொன்னான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் தற்செயலாகக் கண்டேன். குர்குமினைக் கீட்டோ வடிவம், ஈனோல் வடிவம் என்று ரெண்டு விதமாக வரையலாம். ஓர் ஐதரசன் இடம் மாறும், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்புக் கூடும். கரைசலில் பெரும்பாலும் ஈனோல் வடிவம்தான் இருக்கும். கீட்டோவாக வரைந்து கொடுத்தால் நாலு வெட்டு. ஈனோலாகக் கொடுத்தால் நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பும் விதிக்குள் வந்துவிடுகிறது, ஐந்து வெட்டு. அதே மஞ்சள், அதே மென்பொருள், வேறு துண்டுகள். மென்பொருளுக்கு மஞ்சள் தெரியாது, நாங்கள் கொடுத்த வரைபடம் மட்டும்தான் தெரியும்.

குசினி அலுமாரி

துண்டு இருந்தால் குணமும் இருக்கும் என்ற எண்ணத்தை உடைக்க ஆய்வுகூடம் தேவையில்லை. அம்மாவின் குசினி போதும்.

குர்குமினின் ஒரு நுனியை எடுங்கோ. பென்சீன் வளையம், அதில் ஓர் ஐதரொக்சி, பக்கத்தில் ஒரு மெத்தொக்சி. இதே துண்டு எங்கே எல்லாம் இருக்கிறது என்று ஆர்டிகிட்டில் தேடலாம். மிளகாயின் கப்சைசினில் இருக்கிறது. இஞ்சியின் ஜிஞ்சரோலில் இருக்கிறது. கராம்பின் யூஜினோலில் இருக்கிறது. வனிலாவின் வனிலினிலும் இருக்கிறது. மஞ்சளோடு சேர்த்து அஞ்சு போத்தல், எல்லாம் ஒரே தட்டில்.

மிளகாய் உறைக்கும். கராம்பு பல்லு நோவை மரக்கப் பண்ணும். வனிலா ஐஸ்கிரீமில் மணக்கும். துண்டு ஒன்றுதான். அது எதோடு ஒட்டியிருக்கிறது, முழு மூலக்கூறு என்ன வடிவத்தில் வளைந்து நிற்கிறது, உடம்பில் எந்தப் புரதத்தில் போய்ப் பொருந்துகிறது, எவ்வளவு அங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் வேறு வேறு. வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டால் உறைக்கும் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். ஆனால் மருந்து என்று வந்தவுடன் அதே வாதத்தைச் சொல்லிவிடுகிறோம்.

துண்டுகளைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் இன்னும் விளங்கும். பிரிக்ஸில் அதற்கும் வசதி இருக்கிறது. குர்குமினின் ரெண்டு நுனித் துண்டுகளையும் நடுத்துண்டு இல்லாமல் நேராக ஒட்டலாம், எண்கள் பொருந்தும். வருவது சிவப்பு வைனில் பேசப்படும் ரெஸ்வெராட்ரோலின் எலும்புக்கூடு. இதை வைத்துக்கொண்டு "மஞ்சளுக்குள் வைன் மருந்து ஒளிந்திருக்கிறது" என்று ஒரு படம் செய்தால் குடும்பக் குழுவில் நல்லா ஓடும். ஒரு சொல்லும் பொய்யாக இராது. முழுதாகப் பார்த்தால் பொய்.

வெட்டுப்படாத குளிசை

பிறகு அம்மாவின் "கெமிக்கலை" எடுத்தேன். மெட்ஃபோர்மினை பிரிக்ஸில் போட்டேன். வெட்டவில்லை. முழு மூலக்கூறும் அப்படியே திரும்பி வந்தது. ரீகேப்பும் அதையே செய்தது. என்ர கோடில் பிழை என்று நினைத்து அரை மணித்தியாலம் தேடினேன். பிழை இல்லை. மெட்ஃபோர்மின் நாலு காபன், அஞ்சு நைதரசன் கொண்ட சின்ன மூலக்கூறு. ரெண்டு குவானிடின் அலகுகள் ஒரு நைதரசனைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. விதிகள் சொல்கிற இடம் ஒன்றும் அதில் இல்லை.

இந்தக் குளிசைக்கும் ஒரு செடிக் கதை உண்டு. ஐரோப்பாவில் கலேகா ஒஃபிசினாலிஸ் என்ற பூண்டு பழைய காலத்தில் மருந்தாகப் பாவிக்கப்பட்டது. அதில் கலேகின் என்ற பொருள் இருக்கிறது, குவானிடினோடு ஒரு சின்ன காபன் வால் சேர்ந்தது. 1918இல் குவானிடின் மிருகங்களில் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார்கள். ஆனால் அது நச்சு. 1920களில் கலேகினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நச்சுத்தன்மை காரணமாகக் கைவிடப்பட்டது. மெட்ஃபோர்மினை 1922இல் டப்ளினில் வேர்னர், பெல் என்ற ரெண்டு பேர் தயாரித்தார்கள். 1957இல்தான் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் அதைச் சலரோகத்துக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். கனடாவுக்கு 1972இல் வந்தது.

கலேகினை பிரிக்ஸில் போட்டால் வெட்டும், குவானிடின் துண்டு தனியாக வரும். அந்தத் துண்டு மூன்றிலும் இருக்கிறது. ஒன்று நஞ்சு. ஒன்று கைவிடப்பட்டது. ஒன்றைத்தான் அம்மா பதினொரு வருசமாகப் பத்திரமாகக் குடிக்கிறா. இந்த மூன்றில் எது நல்லது என்று எந்தத் துண்டைப் பார்த்தும் சொல்ல முடியாது. முழு மூலக்கூறையும் ஆட்களுக்குக் கொடுத்து, வருசக்கணக்காகப் பார்த்துத்தான் அறிந்தார்கள்.

மெட்ஃபோர்மினை உடம்பும் உடைப்பதில்லை. சிறுநீரில் அப்படியே மாறாமல் வெளியேறுகிறது. மென்பொருளும் உடைக்கவில்லை, உடம்பும் உடைக்கவில்லை என்று பார்த்தவுடன் எனக்கும் ஓர் "ஆகவே" வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அது தற்செயல். ரெண்டும் வேறு காரணத்துக்காக உடைக்காமல் விட்டவை.

நான் விட்ட பிழை

தம்பியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுத்த நாள் நானும் அதே வேலையைச் செய்தேன்.

2017இல் மினசோட்டாவின் கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் ஆகியோர் வேறு சிலரோடு சேர்ந்து குர்குமினைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். குர்குமின் நிலையற்றது, உடம்பில் சரியாகச் சேராது, ஆய்வுகூடச் சோதனைகளில் எல்லாவற்றிலும் தலையைப் போட்டுப் பொய்யான நல்ல முடிவைக் காட்டக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பது அவர்களின் வாதம். நூற்றிருபதுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், சரியான ஒப்பீட்டோடு நடத்தின ஒன்றும் வெற்றி தரவில்லை என்றும் எழுதினார்கள். நான் அதை வாசித்துவிட்டு மேலே போய், "அம்மா, மஞ்சளில ஒண்டும் இல்லை, எல்லாம் பொய்" என்றேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டு நிண்டவ. திரும்பிப் பார்த்துக் கேட்டா:

"அப்ப நான் இதுக்குப் போடுற மஞ்சளும் கூடாதா தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. கட்டுரை கறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது குர்குமின் என்ற ஒற்றை மூலக்கூறை மருந்தாக்குவதைப் பற்றியது. மஞ்சள் தூளின் நிறையில் நூற்றுக்கு மூன்று அளவுதான் குர்குமின். மிச்சம் எல்லாம் வேறு. தம்பி மூலக்கூறின் துண்டைக் காட்டி முழு மூலக்கூறைப் பற்றிச் சொன்னான். நான் மூலக்கூறைக் காட்டி முழு மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். அவன் "எங்கட முன்னோர் எல்லாம் கண்டுபிடிச்சவை" பக்கம், நான் "எல்லாம் மூடநம்பிக்கை" பக்கம். ரெண்டு பேரும் விட்ட பிழை ஒன்றுதான்.

உண்மையில் உதவினது எங்கட பார்மசிஸ்ட் அக்கா. அவ துண்டைப் பற்றிக் கேட்கவில்லை. மஞ்சள் குளிசையில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டா. மிளகுச் சாறு. அதில் உள்ள பிப்பரின், உடம்பு குர்குமினை வெளியேற்றும் வழியைத் தடுக்கிறது. 1998இல் பெங்களூரில் செய்த ஒரு சிறிய ஆய்வில், ரெண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்கு கூடியது. அதற்காகத்தான் மஞ்சள் குளிசைகளில் மிளகைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதே வழியால் வெளியேறும் மற்ற மருந்துகளும் தடைப்படலாம். அம்மா பிறசருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் வேறு குளிசை எடுக்கிறவ. மஞ்சள் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. கறியில் போடுகிற மஞ்சளோடு இதை ஒப்பிட முடியாது, கறிக்குத் தாராளமாகப் போடுங்கோ என்று சொன்னா. அம்மாவுக்கு அது விளங்கியது. என்ர ரெண்டு மொனிட்டராலும் விளங்கப்படுத்த முடியாத விசயம்.

எங்கட கையில் இருக்கிற பொறுப்பு

"இதை வேதியியல் படித்தவர்களிடம் விடலாம்தானே, உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கட அம்மா அப்பா வேதியியலாளரிடம் போய்க் கேட்பதில்லை. எங்களிடம் கேட்கிறார்கள். எட்டு வயதில் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நாங்கள்தான். வரிக் கடிதத்தை வாசித்துக் காட்டினதும் நாங்கள்தான். அப்படிச் சேர்ந்த நம்பிக்கை அது. வேதியியலில் நாங்கள் அதைச் சம்பாதிக்கவில்லை. ஆனால் மஞ்சள் படத்துக்குக் கீழே "கொம்பியூட்டரில போட்டுப் பாத்தது" என்று எழுதினால், அந்தப் பழைய நம்பிக்கை முழுக்க அதன் மேல் வந்து உட்காருகிறது.

உடைக்கிற விதியை எழுதுகிறவர்களாகவும் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். சில வருசங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் தரவுகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் கொன்ட்ராக்ட் எனக்கு. முழுப் பெயரை இடைவெளியில் வெட்டு, கடைசித் துண்டைக் குடும்பப் பெயராக வை என்று விதி எழுதினேன். எங்கட ஆட்களின் பெயர்கள் என்ன பாடு பட்டன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு வேறு குடும்பப் பெயர். தமிழனாக இருந்துகொண்டு நானே எழுதின விதி அது. கோட் ஓடினது, டெஸ்ட் எல்லாம் பச்சை.

அதற்காக மென்பொருளைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொடுங்கோ. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமலின் குழு இம்பாட் என்ற தரவுத்தளத்தைக் கட்டியிருக்கிறது. முதற்பதிப்பு 2018இல் வந்தது. ரெண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மருத்துவத் தாவரங்களும், அவற்றில் உள்ள 17,967 மூலக்கூறுகளும் இருக்கின்றன. எந்தச் செடி, எந்தப் பாகம், என்ன மூலக்கூறு என்று தேடலாம், மூலக்கூறின் வடிவத்தைத் தரவிறக்கலாம். அவர்களும் மூலக்கூறுகளை உடைக்கிறார்கள். பக்கக் குழுக்களை உரித்துவிட்டு நடு எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து, இந்தச் செடிகளில் எத்தனை விதமான எலும்புக்கூடு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். நான் விரும்புவது அவர்கள் நிப்பாட்டுகிற இடத்தைத்தான். எலும்புக்கூட்டைக் காட்டி இது வருத்தத்தை மாற்றும் என்று சொல்வதில்லை. எங்கே தேடலாம் என்று காட்டுகிறார்கள்.

துண்டுகளால் மருந்து வந்ததும் உண்மை. தோல் புற்றுநோய்க்கான வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சின்னத் துண்டு மூலக்கூறுகளைப் புரதத்தில் பொருத்திப் பார்த்துத் தொடங்கின தேடல் அது. துண்டு அங்கே தொடக்கம் மட்டும்தான். பிறகு வருசக்கணக்கான வேலை, நோயாளிகளில் சோதனை.

என்ர கருத்து இதுதான். மூலக்கூறை உடைத்து ஏதாவது கண்டால், குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கோ. இந்த வெட்டு விதியை யார், எதற்காக எழுதினது? மூலக்கூறை எந்த வடிவத்தில் வரைந்து கொடுத்தேன், மாற்றி வரைந்தாலும் இதே துண்டு வருமா? துண்டை விடு, முழுப் பொருளை, இந்த அளவில், ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா? மூன்றாவதுக்குப் பதில் இல்லை என்றால் படத்தைப் போடலாம், ரசிக்கலாம். "ஆகவே" மட்டும் எழுதக் கூடாது.

அம்மா டொக்டரோடு கதைத்து இரவுக் குளிசையைத் திரும்பத் தொடங்கினா. ஆனி மாதப் பரிசோதனையில் ஏ1சி 7.1. மஞ்சள் குளிசைப் போத்தல் குப்பைக்குப் போயிற்று, மஞ்சள் தூள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தம்பியிடம் நான் பேச்சுக் கொடுக்கவில்லை. மிளகாய், இஞ்சி, கராம்பு, வனிலா நாலையும் ஆர்டிகிட்டில் தேடச் சொல்லி மட்டும் அனுப்பினேன். ரெண்டு நாளில் அவனே குழுவில் புதுப் படம் போட்டான். அஞ்சு போத்தல், ஒரே துண்டு, கீழே "போன முறை நான் எழுதின கடைசி வரி பிழை. ஒருத்தரும் குளிசையை நிப்பாட்ட வேண்டாம்" என்று. பெரியம்மா ஒரு ரோசாப் பூப் படம் பதிலாக அனுப்பினா. அவ வாசித்தாவோ தெரியாது.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு படம் சுற்றிக்கொண்டு இருந்தால், இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கோ. மருந்து ஒன்றை மாற்றவோ நிப்பாட்டவோ நினைத்தால் எங்களிடம் கேட்காதேங்கோ, டொக்டரையோ பார்மசிஸ்டையோ கேளுங்கோ. அடுத்த எபிசோடில் கதைப்போம்.